இருநூற்று நாற்பதில் ஒன்று

கதவைச் சாத்தி இருபது நிமிடம் ஆகிறது. இருபதோ இருபத்திரண்டோ, என் கைக்கடிகாரத்துக்கும் வராந்தாவில் போன வாரம் மாட்டிய புதுக் கடிகாரத்துக்கும் இரண்டு நிமிடம் ஒத்துப்போகவில்லை, அதைச் சரிசெய்யச் சொல்லி எழுதிய சீட்டு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, சட்டைப்பையைத் தொட வேண்டாம், தொட்டால் அந்தத் தாள் ஞாபகம் வரும். வந்துவிட்டது. பதினொன்றரை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அந்த அம்மா தனியாக உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார், வெளியே நான் வாடகைக்கு வந்த குரோட்டன்ஸ் தொட்டிகளோடு இன்னொரு தொட்டியாக நிற்கிறேன். பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட வந்த ஐந்து பேரில் நான்கு பேரைத் துணைவேந்தர் நூலகத்துக்கும் மைதானத்துக்கும் அழைத்துப் போய்விட்டார். இவர் மட்டும், "நீங்க போய்ட்டு வாங்க, நான் இதைக் கொஞ்சம் பாக்கறேன்" என்றார். தமிழில். எங்களுக்கு வந்த குறிப்பில் பேராசிரியர் எஸ்தர் மனோகரி, கல்வியியல், லக்னோ என்று இருந்தது. லக்னோவைப் படித்தோமே தவிர மனோகரியைப் படிக்கவில்லை. ஐந்து பேரும் வடக்கே இருந்து வருகிறார்கள், ஆங்கில அட்டவணையைப் பார்ப்பார்கள், புகைப்படம் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள், தமிழில் எழுதினதை யார் தொடப்போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் தைரியம் சொல்லிக்கொண்டோம். நேற்று முழுக்க இவரும் ஆங்கிலம்தான் பேசினார். இன்று காலை கட்டின் மேல்தாளை எடுத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, 'மின்விசிறி ஓடவில்லை' என்று ஒவ்வொரு எழுத்தாக அனுபவித்து வாசித்தார். "நான் கோலார் தங்கவயல்ல பொறந்தவ, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

கட்டு என்பது மூன்று வருடத்துக்கு முந்தைய மாணவர் கருத்துப் படிவங்கள், விலங்கியல் துறை, இருநூற்று நாற்பது தாள். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பாடம் புரிகிறதா என்று வருடா வருடம் பிள்ளைகளைக் கேட்டு வாங்க வேண்டும், ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண், கடைசியில் 'வேறு கருத்து' என்று நான்கு வெற்றுக் கோடு, பெயர் எழுத வேண்டாம். அந்த வருடம் நாங்கள் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை என்று அறிக்கையில் எழுத ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை, மறந்துவிட்டோம் என்பதுதான் உண்மை. அதனால் போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர மையத்தின் ஒருங்கிணைப்பாளராகிய நானும் அலுவலக உதவியாளர் ஜெபக்கனியும் உட்கார்ந்து இருநூற்று நாற்பது பிள்ளைகளாக மாறினோம். ஜெபக்கனி வீட்டிலிருந்து ஏழு பேனா கொண்டுவந்திருந்தாள். "எல்லாத்துக்கும் நாலு போட்டா கண்டுபிடிச்சிருவாவ சார். நான் நாலு, நாலு, மூணு, நாலு, ரெண்டுன்னு போட்டு வாரேன்" என்று ஒரு தாளுக்குப் பத்து விநாடியில் முடித்தாள். வேறு கருத்து என் பங்கு. வலக்கையால் சாய்த்து எழுதினேன், நிமிர்த்தி எழுதினேன், இடக்கையால் எழுதினேன். சார் நன்றாக நடத்துகிறார். மைக்ராஸ்கோப் போதாது. மேடம் மெதுவாகப் பேசினால் நல்லது. மின்விசிறி ஓடவில்லை என்று பத்தொன்பது தாளில் எழுதினேன், ஏனென்றால் அன்று எங்கள் தலைக்கு மேலேயும் ஓடவில்லை. பிறகு அந்தப் பத்தொன்பதைக் காட்டி, பிள்ளைகள் கேட்டபடி மின்விசிறி மாற்றப்பட்டது என்று நடவடிக்கை அறிக்கையும் எழுதினேன். மின்விசிறி போன வாரம்தான் மாறியது. இவ்வளவும் பொய் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது, தெரிந்தது, ஆனால் பொய் மாதிரி இல்லை, வேலை மாதிரி இருந்தது. மூன்று மணிவாக்கில் ஜெபக்கனி டீ வாங்கப் போனாள், அப்போது என் கையில் வந்த தாளில் ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் முனைவர் பொன்னுதுரை என்று இருந்தது. நான். என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்தேன். இல்லை, யோசிக்கவில்லை, அதுதான் தப்பு.

அந்தத் தாளை எடுத்தேனா இல்லையா. இதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதினது நிச்சயம். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டில் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து கூழாக ஒரு காகிதம் வந்தது என்று அமுதா திட்டினாள், அது இதுதான். இல்லை, அது மின்வாரிய ரசீது, அதற்காகத்தானே திட்டினாள். அப்படியானால் மடித்தேன் என்பது? மடித்த தாளை மறுபடி விரித்துக் கட்டுக்குள் செருகினேன் என்றும் ஒரு ஞாபகம் இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் இருநூற்று முப்பத்தொன்பதுதான் வந்தது, புதிதாக ஒன்று அச்செடுக்கக் கணினி அறையின் சாவி இல்லை, ஒரு தாள்தானே என்று ஜெபக்கனி சொன்னாள், இல்லை இருநூற்று நாற்பது என்று அறிக்கையில் ஏற்கெனவே போயாகிவிட்டது என்று நான் சொன்னேன். ஆமாம். செருகினேன். கணக்கு சரியாக வர வேண்டும் என்று உண்மையைக் கொண்டுபோய் உள்ளே செருகியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்ற தாள்களில் மடிப்பு கிடையாது, அதில் மட்டும் குறுக்கும் நெடுக்கும் மடிப்பு இருக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், எனக்குக் கனம் ஒரே ஒரு தாள், அதுவும் மடியில் இல்லை, அந்த அம்மாவின் மேசையில் இருக்கிறது.

ஜெபக்கனி இளநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள், கதவு திறந்து மூடும் அந்த இடைவெளியில் ஒரு வெள்ளைத் தலை குனிந்திருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

"என்ன செய்றாங்க?"

"படிக்காவ சார். ஒண்ணொண்ணா எடுத்துப் படிக்காவ. மூணு அடுக்கா பிரிச்சி வச்சிருக்காவ."

"மூணா? ஏன் மூணு?"

"எனக்கென்ன தெரியும். ஒரு அடுக்கு பெருசு, ஒண்ணு கொஞ்சம் சின்னது, இன்னொண்ணுல ஒரே ஒரு தாளு. நீங்க மொதல்ல மூஞ்சியத் தொடைங்க சார், இப்படி வேர்த்து ஊத்துனா கேக்காமலே சொல்லிருவீய போல."

பெரியது அவள் மட்டும் மதிப்பெண் போட்டது, சின்னது நானும் கருத்து எழுதியது, கையெழுத்தைப் பிரித்துவிட்டார். ஏழு பேனா, இரண்டு கை, எல்லாம் வீண், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், இருந்தாலும் இருநூற்று நாற்பது பூசணிக்காயை மறைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை துணைவேந்தர் தோளில் கை போட்டு, "பொன்னுதுரை, நல்லது நடந்தா எல்லாரும் சேந்து செஞ்சோம். ஏதாவது ஆச்சுன்னா, ஃபைல்ல உங்க கையெழுத்து மட்டும்தான் இருக்கு, பாத்துக்கங்க" என்றார். அன்போடுதான் சொன்னார், தோளைக்கூட அமுக்கினார். போலி ஆவணம் தயாரித்த குற்றம், தற்காலிகப் பணிநீக்கம், விசாரணைக் குழு, அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வேறு யாருக்கு அந்தப் படிவம் தெரியும். அமுதாவிடம் என்ன சொல்வேன். மாமனார் ஊரெல்லாம் மருமகன் யுனிவர்சிட்டிக்கே மார்க் வாங்கித் தருகிறவர் என்று சொல்லி வைத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது, அதை நினைத்தால் திரும்ப வெட்கமாக இருக்கிறது. பழைய விடுதிப் பக்கம் நாய்கள் குரைக்கின்றன. வளாகத்தில் திரிந்த பதினோரு நாயையும் கமிட்டி கண்ணில் படக்கூடாது என்று சைக்கிள் கொட்டகையில் அடைத்து வைத்திருக்கிறோம், தயிர்ச்சோறு ஏற்பாடு, அதற்கும் ஒரு ஃபைல். கமிட்டி போனதும் திறந்துவிடுவோம். அவற்றுக்கு நாளை சாயங்காலம் விடுதலை என்று நிச்சயமாகத் தெரியும்.

ஏன் எழுதினேன் என்று ஜெபக்கனி கேட்டால் வெயில் என்று சொல்வேன். எழுதினது எனக்கு ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம். 'சார் நல்லவர். ஆனால் வகுப்புக்கு வருவதில்லை. வந்தால் கையில் ஃபைலோடு வருகிறார், பாதியில் போன் வரும், போய்விடுவார். முதல் செமஸ்டரில் ஒரு நாள் குருவிக்கூட்டைக் கொண்டுவந்து பாடம் நடத்தினார். அந்த மாதிரி இன்னும் ஒரு நாள் நடத்தினால் போதும்.' இடக்கையால் எழுத ஆரம்பித்து மூன்றாவது வரியில் வலக்கைக்கு மாறிவிட்டேன், மாறினதே தெரியவில்லை. அந்தக் கூடு, கிணற்றோரத்துப் பனையிலிருந்து விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு, பாதி கட்டினது. ஆண் குருவி பாதிதான் கட்டும், பிறகு பெண் குருவி வந்து உட்கார்ந்து பார்க்கும், அலகால் இழுத்துப் பார்க்கும், பிடித்தால் மீதி கட்டலாம், பிடிக்காவிட்டால் அது பறந்து போய்விடும், இவன் பாதிக் கூட்டோடு நிற்பான் என்று சொன்னபோது அந்த வகுப்பு என்ன சிரிப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி, "அப்ப இது பிடிக்காத கூடா சார்?" என்று கேட்டாள். தெரியாதும்மா, காற்றில் விழுந்திருக்கலாம், எப்படிக் கண்டுபிடிக்கலாம் சொல்லு என்றேன், மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் இந்தப் பொறுப்பு வந்தது, இரண்டு மாதம் என்றார்கள், நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கூடு கீழே கண்காட்சி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, சிறந்த நடைமுறைகள் என்று தலைப்பு போட்டு, பக்கத்தில் என் படம். என் பாடத்தை இரண்டு வருடமாக ஷர்மிளா பானு எடுக்கிறாள், கௌரவ விரிவுரையாளர், நன்றாக எடுப்பாள் என்று கேள்வி. கால அட்டவணையில் மட்டும் என் பெயர் இருக்கும், நிரந்தர ஆசிரியருக்கு வாரம் பதினாறு மணி நேரம் காட்ட வேண்டும். புதிதாகக் கலர் பிரிண்ட் எடுத்து எல்லா வகுப்புக் கதவிலும் ஒட்டச் சொன்னதும் நான்தான். புதன்கிழமை பன்னிரண்டு மணி, இரண்டாம் ஆண்டு, விலங்கு நடத்தையியல், முனைவர் பொன்னுதுரை. இன்று என்ன கிழமை. புதன். வராந்தா கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது, என்னுடையதில் பதினொன்று நாற்பத்தெட்டு, இரண்டில் எது சரி என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது.

அவர் குள்ளம், என் தோளுக்குத்தான் வருவார். கையில் ஒரே ஒரு தாள். குறுக்கும் நெடுக்கும் மடிப்பு.

"சார், முப்பத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பாத்துட்டேன். பிள்ளைங்க எழுதறது எப்படி இருக்கும்னு தெரியும். மிச்ச இருநூத்து முப்பத்தொம்பதும் பிள்ளைங்க எழுதினது இல்ல. அதை ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன், அது என் வேலை, வருத்தப்படாதீங்க."

"சரிங்க மேடம்" என்கிறேன். மறுக்க வேண்டும் என்று ஏற்பாடு, மறுத்துவிட்டு எந்தக் கோப்பைக் காட்ட வேண்டும் என்றுகூட ஏற்பாடு, வாய் சரிங்க மேடம் என்றுவிட்டது. முடிந்தது. இவ்வளவு நாள் பயந்தது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது, ஆனால் பயம் முடியவில்லை, அவர் தாளைத் தூக்கிக் காட்டுகிறார்.

"ஆனா இது ஒண்ணு மட்டும் ஒரு பிள்ளை மனசுலேர்ந்து எழுதினது. இந்நேரம் படிச்சு முடிச்சு எங்கயோ போயிருக்கும். எல்லாத்துக்கும் நடவடிக்கை அறிக்கை வச்சிருக்கீங்க, மின்விசிறிக்குக்கூட. இதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்க? யார் இந்த வாத்தியார்?"

அது போலி மேடம், மற்றதைவிடப் பெரிய போலி, அதையும் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இருநூற்று நாற்பதும் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் ஒன்றாவது மிஞ்சும். ஆனால் அது பொய்யா, நான் எழுதினேன் என்பதால் பொய்யாகிவிடுமா, யாரோ ஒரு பிள்ளை அந்த வருடம் இதையேதான் எழுதியிருக்கும், நாங்கள் தாள் கொடுத்திருந்தால்.

"நான்தான் மேடம்" என்கிறேன். "பொன்னுதுரை. அந்த வாத்தியார் நான்தான்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிரே வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த கலர் பிரிண்ட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். விரலை வைத்துப் புதன்கிழமையைத் தேடுகிறார்.

"பன்னெண்டு மணிக்கு உங்களுக்குக் கிளாஸ் இருக்கே. வாங்க, நானும் வந்து உக்காந்துக்கறேன். இந்தத் தாளை நீங்களே வச்சுக்கங்க, ஃபைலுக்கு வேண்டாம்."

ஏன் ஃபைலுக்கு வேண்டாம் என்றார். தெரிந்துவிட்டதா. மூன்றாவது வரியில் கை மாறியது தெரிந்திருக்குமோ. தாள் இப்போது என் சட்டைப்பையில், கடிகாரச் சீட்டோடு. நாற்பது தப்படி தூரம்தான் இரண்டாம் ஆண்டு வகுப்பு, புதுச் சுண்ணாம்பு வாடை, பினாயில் வாடை, புது ஷூ இடது குதிகாலைக் கடிக்கிறது, அவர் மெதுவாக நடக்கிறார், நான் இன்னும் மெதுவாக நடக்கிறேன். என்ன பாடம் ஓடுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டை எடுத்துவரலாம், கண்ணாடிப் பெட்டியின் சாவி கண்காட்சிப் பொறுப்பாளரிடம், அவர் மைதானத்தில். ஃபைல் இல்லாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசலில் ஷர்மிளா பானு எங்களைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸை மேசையில் வைத்து, ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நாற்பது பிள்ளைகளும் ஒரே அசைவில் எழுந்தார்கள். "குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேடம்." பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, இருந்தாலும் குட் மார்னிங், கமிட்டி வந்தால் எழுந்து குட் மார்னிங் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையில் எழுதினவன் நான், மத்தியானம் வந்தால் என்ன சொல்வது என்று எழுத விட்டுப்போய்விட்டது. அந்த அம்மா எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு முதல் பெஞ்சுப் பெண்ணிடம் குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்றார்.

"செண்பகவல்லி மேடம்."

"இந்தப் பாடம் உங்களுக்கு யார் எடுக்கறாங்க?"

அவள் கையை முன்னால் கட்டிக்கொண்டாள். கண்ணை எனக்கும் ஷர்மிளா பானுவுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்திக்கொண்டு, மனப்பாடமாக, தெளிவாக, ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னாள்.

"முனைவர் பொன்னுதுரை சார் எடுக்குறாங்க மேடம். தவறாம வருவாங்க. குருவிக்கூட்டை வச்சு செய்முறையா விளக்குவாங்க. ரொம்ப நல்லா புரியும் மேடம்."

"அப்படியா. சார் இன்னிக்கு வந்திருக்காங்களா?"

செண்பகவல்லி என்னை முழுசாகப் பார்த்தாள், என் கோட்டை, டையை, சட்டையில் குத்தியிருந்த 'ஒருங்கிணைப்பாளர்' அட்டையை. கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"இல்ல மேடம். இன்னிக்கு மட்டும் ஏதோ வேலையாப் போயிருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஏதாவது இருக்கிறது என்று எங்கள் மூன்று பேரைத் தவிர அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, அது அவர் செய்த உதவியா தண்டனையா, நேரே நடந்து கடைசி பெஞ்சுக்குப் போய், இரண்டு பையன்களைத் தள்ளி உட்காரச் சொல்லி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. புதிது, சத்தமே இல்லை. நாற்பது முகங்களில் ஒரு முகம்கூட எனக்குத் தெரியவில்லை, கமிட்டி சார் அடுத்து என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எல்லாரும் மனசுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளா பானு மேசைக்கு வந்து சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தாள், வைத்தபோது, "இருபத்தி ரெண்டாம் பக்கம் சார்" என்றாள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் போர்டுப் பக்கம் திரும்பினேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாததால், பெரிதாக, அழுத்தி, என் பெயரை எழுதினேன்.

பின்னால் முதல் பெஞ்சில் யாரோ, "ஐயோ" என்றார்கள்.